‘வாக்கர்’ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கும் நடப்பதற்கும் தொடர்பு உண்டா? அது எப்படிப் பரவியது?

ஊர் ஊராக நடந்து திரிந்தவரின் வழியினர் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது கம்பளித் தொழிலில் பிறந்த பெயர்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். நெசவும் இளக்கமாக இருக்கும். அதைத் தொட்டியிலிட்டு, தண்ணீரோடு ஒருவகைக் களிமண்ணையும் நாள்பட்ட சிறுநீரையும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்தால் பிசுக்கு நீங்கி, இழைகள் பின்னிச் சுருங்கித் துணி கெட்டிப்படும். (முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் அந்தக் களிமண் வகைதான்.) இந்த வேலையைச் செய்தவரே வாக்கர். அச்சொல்லின் பழைய ஆங்கில வேருக்கு உருட்டுதல், புரட்டுதல் என்பதே பொருள். நடத்தல் என்ற பொருள் பின்னர் வந்தது.

இதில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, இதே வேலைக்கு வட்டாரந்தோறும் வேறு பெயர் இருந்ததுதான். இங்கிலாந்தின் வடக்கிலும் மேற்கு மத்தியப் பகுதியிலும் வாக்கர் என்றால், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன், சாமர்செட் அடங்கிய தென்மேற்கில் டக்கர். டெவனின் எக்ஸிட்டர் நகரில் 1471இல் எழுந்த இத்தொழிலாளர் சங்க மண்டபம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றே வழங்குகிறது. ஸ்காட்லாந்தில், துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் பெயரை அந்நாட்டின் பழைய கேலிக் (Gaelic) மொழியில் கொண்டிருந்த சிலரும் ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் ஆயினர்.

12ஆம் நூற்றாண்டிலிருந்து நீராற்றலால் இயங்கும் சம்மட்டிகள் கால்களின் வேலையை ஏற்கத் தொடங்கின. குடும்பப் பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது தென்னிங்கிலாந்தில் 1400 வாக்கில்தான் பெரும்பாலும் நிலைபெற்றது; வடக்கில் இன்னும் பிந்தியது. ஆகவே பெயர் உறுதிப்பட்ட வேளையில் மிதிப்பது பல இடங்களில் வழக்கொழிந்திருந்தது.

கடல் கடந்தவர்களோடு இப்பெயர்களும் சென்றன; 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற மேஃபிளவர் கப்பலிலேயே ஃபுல்லர் சகோதரர் இருவர் இருந்தனர். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களும் முன்னாள் உடைமையாளரின் குடும்பப் பெயரையோ தாமே தேர்ந்த ஒன்றையோ சூடியதால், வாக்கர் என்பது அவர்களிடையேயும் பரவலாக உள்ளது. மேடம் சி. ஜே. வாக்கர் என்று புகழ்பெற்ற தொழில்முனைவோருக்கோ அது கணவர் வழியே வந்தது.

துணி மிதித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்ததால், இரண்டு வாக்கர்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. மூதாதையரைத் தேடும் டக்கர் ஒருவருக்கு டெவனில் தொடங்கலாம் என்ற தடயமாவது கிடைக்கும். பரந்த பகுதியில் வழங்கிய வாக்கருக்கு அவ்வளவு குறுகிய தடயமும் இல்லை.