கடுக்காய்க்கு லத்தீன் பெயர்

கேள்வி: சென்னையில் நவீன ஓவியம், கட்டடக்கலை, வடிவமைப்பு தொடர்பான கண்காட்சிகளும் உரைகளும் தொடர்ந்து நடக்கின்றன. பெரும்பாலும் அனுமதி இலவசம். ஆனாலும் போய்ப் பார்த்தால் இருபது பேர்கூட இருப்பதில்லை. தமிழர்களுக்குச் சினிமாவும் பாட்டும் போதும், கண்ணுக்கான ரசனை கிடையாது என்பதுதானே உண்மை?
— ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: அந்த இருபது பேரில் ஒருவராக நீங்கள் இருந்திருக்கிறீர்கள் என்பதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். வராதவர்களைப் பற்றி எழுதியிருக்கும் தீர்ப்பை மட்டும் ஏற்பதற்கில்லை.

கண்ணுக்கு ரசனை இல்லாத மக்கள் என்றால், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வந்த கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? பேனா முனையால் நெய்ததைப் போன்ற அவருடைய கோடுகள், அச்சு அசலான உருவத்தைத் தராத கோடுகள், சிற்றிதழ்களில் மட்டுமல்லாமல் முடிதிருத்தும் கடையில் காத்திருப்பவர் புரட்டுகிற வார இதழ்களிலும் வந்தன. இது என்ன கிறுக்கல் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் பக்கத்தில் ஒரு தமிழ்க் கதை இருந்தது, அந்தக் கதையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசகர் ஓவியத்துக்குள் நுழைந்தார். ஓவியர் டிராட்ஸ்கி மருது வரைந்தவற்றுக்கும் இது பொருந்தும். நவீன ஓவியம் தமிழனுக்குப் புரியாது என்று இன்று சொல்பவர்கள், அது அவனுடைய வீட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் வந்துபோனதை மறந்துவிட்டார்கள்.

எங்கே தடை விழுகிறது என்பதை நானே ஒருமுறை பார்த்தேன். நகரின் மையப் பகுதியில் நடந்த ஒரு கண்காட்சி. மரபுக் கட்டுமான முறைகள் அதன் பொருள். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சின் மாதிரியாக ஆள் உயரத்துக்கு ஒரு சுவரையே எழுப்பிப் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, சலித்து, முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்து, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய சுவர்; கையை வைத்தால் சில்லென்று இருந்தது, குனிந்து பார்த்தால் முகம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் ஓர் அட்டை, முழுக்க ஆங்கிலம். அதில் கடுக்காய்க்கு 'டெர்மினாலியா செபுலா' என்ற லத்தீன் பெயர் இருந்தது, கடுக்காய் என்ற சொல் இல்லை. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் எந்தப் பதத்தில் சேர்ப்பது என்பதைத் தலைமுறையாக அறிந்த காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார்கள்தாம் அந்தச் சுவரைப் பூசியவர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருங்கிணைத்தவர், நிதி கொடுத்தவர், விளக்குப் போட்டவர் என எல்லோருடைய பெயரும் அட்டையில் இருந்தது, பூசியவர்களுடைய பெயரைத் தவிர. அந்தக் கொத்தனார் தம் மனைவி மக்களை அழைத்து வந்திருந்தால், தம் சுவருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்னொருவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு ரசனை இல்லை என்று சொல்வீர்களா?

அனுமதி இலவசம் என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் வாசலில் 'யாரைப் பார்க்கணும்?' என்று ஒரு குரல் கேட்கும். ஓவியத்தைப் பார்க்க வந்தேன் என்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதற்கு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கொஞ்சம் துணிச்சலும் வேண்டியிருக்கிறது. (நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலுக்குப் பிறகும் எனக்கு அந்தக் கேள்வி ஒரு கணம் தொண்டையை அடைக்கிறது.) கிரீம்ஸ் சாலையிலோ நுங்கம்பாக்கத்திலோ மாலையில் நடக்கும் உரைக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வர வேண்டுமானால், அப்படியொன்று நடக்கிறது என்ற செய்தியாவது முதலில் அவருக்கு எட்ட வேண்டும். அழைப்பிதழோ ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் அதே இருபது பேருக்குத்தான் போகிறது.

கட்டடக்கலை உரைகளைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். வீடு கட்டுகிற நம்மவர்களில் பெரும்பாலோர் 'இன்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுத்தார்' என்பார்களே தவிர, கட்டடக்கலைஞர் என்ற ஒருவர் தனியாக இருப்பதையே அறிய மாட்டார்கள். ஆனால் கட்டடத்தை விமர்சிக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும் இறங்கி ஏற ஒரு நிலையம் இல்லாததையும், மூட்டை முடிச்சுகளோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பயணிகள் பேசிய பேச்சு, கருத்தரங்க மேடைகளில் நான் கேட்ட பல உரைகளைவிடக் கூர்மையானது. சட்டமன்றத்துக்கென்று ஒரு ஜெர்மானிய நிறுவனம் வடிவமைத்து 2010-இல் திறக்கப்பட்ட ஓமந்தூரார் வளாகம், 2014-இல் மருத்துவமனையாயிற்று. விவாதத்துக்காக வரைந்த ஒரு கூடத்தில் நோயாளியை எந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போவது, காற்றும் வெளிச்சமும் யாருக்காகத் திட்டமிடப்பட்டன, எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்பவை எவ்வளவு சுவையான கட்டடக்கலைக் கேள்விகள்! நாமோ அதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பேசித் தீர்த்தோம். பேசத் தெரிந்த கட்டடக்கலைஞர்கள் அப்போது தமிழில் நாலு வரி எழுதவில்லை. பத்திரிகைகளான நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. நகரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. சுவருக்குக் கொடுத்த கவனத்தை வீட்டின் அளவுக்கும் கொடுத்திருக்கலாமே என்ற முணுமுணுப்பு எனக்கு உண்டு. ஆனாலும் அங்கே ஓவியத்தைப் பார்க்க எவரும் எவருடைய அனுமதியையும் பெற வேண்டியிருக்கவில்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்காரர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் வரைந்தவர்கள். வாங்குபவரிடம் நேரில் பேசி விற்றவர்களுக்குப் பார்வையாளரிடம் பேசுவதும் தெரிந்திருக்கும். அந்தத் தலைமுறையோடு ஏதோ ஒன்று அறுந்துவிட்டது.

பழியை அமைப்பாளர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு இந்த இதழ் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு படத்தின் பாடல் வெளியீட்டுக்கு நாங்கள் இரண்டு பக்கம் கொடுக்கிறோம்; எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த தேசிய ஓவியக்கூடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது அதற்காக அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. ஆகவே அடுத்த இதழிலிருந்து சென்னையில் நடக்கும் கண்காட்சிகள், உரைகள் பற்றிய அறிவிப்புகளைக் கட்டணமின்றி வெளியிடுகிறோம். ஒரே நிபந்தனை, குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். நாங்கள் மொழிபெயர்த்துத் தரமாட்டோம். நீங்களும் அடுத்த முறை போகும்போது உங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். வாசலில் யாரைப் பார்க்கணும் என்று கேட்டால், சுவரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று அவரே சொல்லட்டும்.