டிபி மாத்திரை சாப்பிடும்போது மற்ற மாத்திரைகளின் வீரியம் குறையுமா?

குறையும். எல்லா மாத்திரைகளுக்கும் இல்லை, ஆனால் நிறைய மாத்திரைகளுக்குக் குறையும். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாரோ டிபிக்கு மருந்து எடுக்கிறார்கள், கூடவே இதயத்துக்கோ வலிப்புக்கோ இன்னொரு மாத்திரையும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைந்த மகள், அவ்வளவுதான். டிபி மாத்திரையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுதான் அம்மாவைக் காப்பாற்றியது. ஒரு வேளைகூட விடக்கூடாது.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி வருஷங்கள் ஆகின்றன. செயற்கை வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் இரவு வார்ஃபரின் 5 மில்லிகிராம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண் ஐஎன்ஆர். குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும், கூடினால் கசியும். அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நின்றது. அப்புறம் கழுத்தில் கட்டி வந்தது. சோதித்தால் டிபி. ஆறு மாத மாத்திரை தொடங்கினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் ஐஎன்ஆர் 1.3. இதய டாக்டர் அம்மாவைப் பார்த்து, "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா? கீரை அதிகமா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் மடியில் கவிழ்த்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு டிக். "ஒரு நாள் விட்டிருந்தா காட்டு" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் நான் தேட ஆரம்பித்தேன். டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின்தான் காரணம். நம் கல்லீரல் செல்லிலும் குடல் செல்லிலும் பிஎக்ஸ்ஆர் என்றொரு புரதம் இருக்கிறது. அணுக்கரு ஏற்பி என்பார்கள், அதாவது ஒரு வேதிப்பொருள் தன் குழியில் வந்து உட்கார்ந்தால் வேலையைத் தொடங்கும் புரதம். உடம்புக்குள் அந்நியப் பொருள் ஏதாவது வந்தால் மோப்பம் பிடிப்பது அதன் வேலை. ஹார்மோன் ஏற்பிகளின் குழி, ஒரே ஒரு ஹார்மோனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். பிஎக்ஸ்ஆரின் குழி பெரியது, நெகிழ்ந்து கொடுக்கக்கூடியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ வேதிப்பொருள்கள் அதில் உட்கார முடியும். உட்கார்ந்ததும் அது ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். மருந்தைச் சிதைக்கும் நொதிகளை இன்னும் செய், இன்னும் செய் என்று செல்லை முடுக்கிவிடும்.

அந்த நொதிகளில் பெரியது சிப் 3ஏ4. நாம் சாப்பிடும் மருந்துகளில் ஏறக்குறைய பாதியை அதுதான் கையாள்கிறது. வார்ஃபரினை முக்கியமாகச் சிதைப்பது சிப் 2சி9, அதையும் பிஎக்ஸ்ஆர் கூட்டிவிடும். குடலில் மருந்தை உள்ளே விடாமல் திருப்பித் தள்ளும் பம்ப் ஒன்றும் கூடும். உள்ளே வந்தது விஷமா, உயிர் காக்கும் மருந்தா என்று இந்த ஏற்பாடு பார்ப்பதில்லை. அம்மா விழுங்கிய 5 மில்லிகிராம் வேலை செய்வதற்குள் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்கவில்லை என்று 1971-லேயே ஜெர்மனியில் எழுதியிருக்கிறார்கள். காரணமான ஏற்பியை 1998-ல்தான் அடையாளம் கண்டார்கள். எலியின் பிஎக்ஸ்ஆரை ரிஃபாம்பிசின் அவ்வளவாகத் தூண்டாது, மனிதனுடையதைப் பலமாகத் தூண்டும். எலியில் பார்த்ததை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

கருத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்கள் டிபி மருந்து தொடங்கும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு தினம் ஒரு வேளை 50 மில்லிகிராம் என்பதற்குப் பதில் இரண்டு வேளையும் 50 மில்லிகிராம் கொடுப்பதும் இதனால்தான்.

வார்ஃபரினை 7, 9 என்று ஏற்றி, கடைசியில் 12-ல் ஐஎன்ஆர் நின்றது. ஆறு மாதம் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது. அம்மா கேசரி கிளறிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். வார்ஃபரின் மட்டும் அதே 12-ல் ஓடிக்கொண்டிருந்தது. டிபி பார்த்த இடத்தில் அது இதய டாக்டர் விஷயம் என்றார்கள். இதய டாக்டருக்கு டிபி மாத்திரை முடிந்ததே தெரியாது. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ரிஃபாம்பிசினை நிறுத்தினால் பிஎக்ஸ்ஆர் அடங்கிவிடும். ஆனால் அதுவரை செய்து குவித்த நொதிகள் மெதுவாகத்தான் குறையும், இரண்டு வாரம்போல ஆகும். அதனால் முதல் சில நாள் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் அம்மா பல் தேய்த்துத் துப்பிய நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தால் வளையல் அழுத்திய இடமெல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. ஐஎன்ஆர் 7.8. வார்ஃபரினை நிறுத்தி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நான்கு ராத்திரியும் நான் தூங்கவில்லை. மூளையில் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தொடங்கும்போது கவனிப்பதைவிட முடிக்கும்போது கவனியுங்கள். முடியும் தேதியை முன்கூட்டியே மற்ற டாக்டரிடம் சொல்லி, அதற்குப் பின் சில வாரங்கள் அடிக்கடி ரத்தம் பாருங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

உடம்பில் நச்சு சேர்ந்துவிட்டது, டீடாக்ஸ் பொடி கரைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்ன உறவினர்களும் உண்டு. மூலிகையைப் பழிக்கவில்லை. ஆனால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரினும் இதே பிஎக்ஸ்ஆரைத்தான் தூண்டுகிறது, மருந்தின் வீரியத்தைக் குறைக்கிறது. பெயர் தெரியாத பொடியை வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு எப்படிக் கொடுப்பது?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் பெயர் பாதி போய்விடுகிறது, தேதி முழுசாகப் போய்விடுகிறது. 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாமல் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சின்ன சீட்டில் தமிழில் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

அம்மா இப்போது பழையபடி 5 மில்லிகிராமில் இருக்கிறார். போன மாதம் ஐஎன்ஆர் 2.9. காலண்டர் தாள்களை இன்னும் டப்பாவில் சேர்த்துத்தான் வைக்கிறார்.