பாய்லருக்கு நிறம் தெரியாது – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். 2011-ல் கவுன்சலிங் மூலம் மெக்கானிக்கல் சேர்ந்தேன். இப்போது ஹூஸ்டனில் வேலை. எங்கள் நிறுவனத்தில் கறுப்பின, லத்தீனோ மாணவர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து நிர்வாகத்துக்குப் பயம். திட்டத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாய்லருக்குத் தோலின் நிறம் தெரியாது, கணக்கு சரியாக இருந்தால் போதும். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகன் நான். எந்தச் சலுகையும் இல்லாமல் திறமையால் வந்தவன். ஆனால் இங்கே பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனார்கள். என் உச்சரிப்பு வாடிக்கையாளருக்குப் புரியாதாம். குழுவில் என்ன சொல்வது?

எஸ்.


அன்புள்ள எஸ்.,

பாய்லருக்கு நிறம் தெரியாதுதான். பாய்லர் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியுமே.

எலைஜா மெக்காய் என்று ஒருவர். அடிமைத்தளையிலிருந்து கனடாவுக்குத் தப்பிப் போனவர்களின் மகன். எடின்பரோவில் இயந்திரப் பொறியியல் பயின்றுவிட்டு மிச்சிகனுக்கு வந்தார். ரயில்வேயில் கிடைத்த வேலை எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும். அப்போதெல்லாம் எண்ணெய் விடுவதற்காகவே வண்டியை அடிக்கடி நிறுத்துவார்கள். எஞ்சின் ஓடும்போதே தானாக எண்ணெய் இறங்கும் கருவியைச் செய்து 1872-ல் காப்புரிமை வாங்கினார் மெக்காய். பார்த்தீர்களா, திறமை இருந்தால் மேலே வரலாம் என்பீர்கள். அவரைப் போலவே படித்துக் கரி அள்ளப் போய், கரியோடே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் காப்புரிமை எண் கிடையாது.

இனி உங்கள் 'எந்தச் சலுகையும் இல்லாமல்'. 2011-ல் சேர்ந்தேன் என்கிறீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலையவில்லையா? கல்விக் கட்டணத்தை அரசு கட்டவில்லையா? கவுன்சலிங்கில் எந்த வரிசையில் கூப்பிட்டார்கள் என்பதையும் நான் கேட்கவில்லை. இதெல்லாம் உங்கள் திறமைக்கு இழுக்கே அல்ல. ஆனால் இருந்ததை இல்லை என்று சொல்லாதீர்கள்.

அமெரிக்காவின் கதவும் அப்படித்தான். 1917-ல் நம்மவர்கள் குடியேறுவதைச் சட்டம் போட்டு அடைத்தார்கள். 1946-ல் திறந்தபோது ஆண்டுக்கு 100 இந்தியர்கள், அவ்வளவுதான். பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கும் அந்த முறையை நீக்கிய சட்டம் 1965-ல் வந்தது. சம உரிமைக்கான சிவில் உரிமைப் போராட்டத்தில் கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த காலம் அது. இதே மூளையோடு 1950-ல் நீங்கள் விண்ணப்பித்திருந்தால் அந்த நூறு பேர் வரிசையில் நின்றிருப்பீர்கள்.

சரி, உள்ளே விட்டுவிட்டால் போதுமா? 1960-களின் கடைசியில் பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் 80 சதவீதம் பேர் பாதியிலேயே விட்டுப் போனார்கள். சீட் கிடைத்தது, நிலைக்க முடியவில்லை. 1971-ல் அங்கே இரண்டு மாணவர்கள் ஆரம்பித்த சங்கம்தான் 1975-ல் தேசிய அமைப்பானது. கீழ் வகுப்புப் பிள்ளைகளை மேல் வகுப்பு மாணவர்கள் கைபிடித்துக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் இந்த வகைதான்.

நம் மாவட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு தேடும் பையனிடம் முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம், "சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா?" புராட்டஸ்டண்டா, கத்தோலிக்கரா என்று அர்த்தம். ஆர்.சி. என்றால், "கடப்புறமா?" கடற்கரை மீனவரா என்று அர்த்தம். சாதி என்ற சொல்லே வராமல் சங்கதி முடிந்துவிடும். நம்மவர்கள் இந்தக் கேள்வியைப் பெட்டியோடு கொண்டுபோயிருக்காவிட்டால் சியாட்டில் நகரசபை 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டி வந்திருக்காது.

இதில் நஷ்டம் ஒதுக்கப்பட்டவனுக்கு மட்டும் இல்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் அடைந்து, வள்ளங்கள் கவிழ்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அலைதடுப்புச் சுவரின் அமைப்பே தப்பு என்று மீனவர்கள் கத்தினார்கள், மறியல் செய்தார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்த கடற்கரைப் பிள்ளைகள் இன்று ஏராளமாகப் பொறியியல் படிக்கிறார்கள். வரைபடம் போடும் மேஜைப் பக்கம் அவர்களில் ஒருவரையாவது உட்காரவைக்க யாருக்குத் தோன்றியது?

குழுவில் நீங்கள் கேட்க வேண்டியது, இதுவரை பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான். நீதிமன்றப் பயம் என்றால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போகிற எல்லாருக்கும் திட்டத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். இழுத்து மூடுவதற்குக் கை தூக்காதீர்கள்.

உச்சரிப்பு விஷயத்தைச் சும்மா விட வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உச்சரிப்பு வேலையை உண்மையிலேயே கெடுத்தால் ஒழிய, அதைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்க அங்கே இடமில்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 1964-ன் சிவில் உரிமைச் சட்டம். நல்ல வக்கீலாகப் பாருங்கள்.