காலையில் வைத்தால் ராத்திரிக்கு ரெடி!

கேள்வி: ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) சிக்கன் வைத்தால் குழம்பு தண்ணியாக, கறி சக்கையாக வருகிறது. எண்ணெய் குறைவாக, சுலபமாகச் செய்ய வழி உண்டா அக்கா?

பதில்: நெஞ்சுக்கறி போட்டிருப்பீர்கள், சரிதானே? அது நெடுநேரச் சூட்டைத் தாங்காது. எலும்போடு தொடைக்கறி வாங்குங்கள். தோலை உரித்துவிட்டால் பாதிக் கொழுப்பு போச்சு. அடியில் கேரட், உருளை. காய்தான் கறியைவிட மெதுவாக வேகும். மேலே கறி, வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு. ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் தாராளம். மூடிக்குள் ஆவி வெளியேறாது, கறியும் நீர் விடும். எண்ணெயே வேண்டாம். 'லோ'வில் (குறைந்த சூட்டில்) 6 மணி நேரம்.

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். சூடேறத் தாமதமானால் கிருமி பெருகும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெந்த கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, நேரம் இழுக்கும். நானும் ஆரம்பத்தில் நாலு தடவை எட்டிப் பார்த்து, ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிட்டேன்! கடைசியில் எலுமிச்சை பிழிந்து, ஒரு கைப்பிடி கீரையைப் போட்டு மூடுங்கள். பத்து நிமிஷத்தில் வதங்கிவிடும்.