குதிரைதானே நடக்கிறது, நமக்கென்ன பயிற்சி?

கேள்வி: நான் 47 வயதுப் பெண். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. முதுகு பிடித்துக்கொள்கிறது, தூக்கம் சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. குதிரையேற்றம் பழகினால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒரு தரகர். "வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண். சாதுவான குதிரை ஒன்று இருக்கிறது, வாங்கிவிடுங்கள்" என்று தினமும் போன் செய்கிறார். வீட்டிலோ, "நடக்கப்போவது குதிரை, உனக்கென்ன உடற்பயிற்சி?" என்று கேலி செய்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தக் கேலிக்கு பதில் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலை 1 என்று வையுங்கள். நிதானமாக நடந்தால் அது சுமார் 3.5. நடக்கும் குதிரை மேல் அமர்ந்திருந்தால் 3.8, குதிரை டிராட் (துள்ளலான மித ஓட்டம்) போனால் 5.8. காரணம் எளிது. குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் இடுப்பை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைக்கிறது, கொஞ்சம் திருப்பவும் செய்கிறது. நீங்களே நடந்தால் இடுப்பு எப்படி அசையுமோ ஏறக்குறைய அப்படி. விழாமல் இருக்க வயிறும் முதுகும் உள்தொடையும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இயன்முறை மருத்துவர்கள் குதிரை நடையைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944-இல் போலியோவால் பாதிக்கப்பட்டவர். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்துவிட்டன, குதிரையில் ஏறி இறங்க ஆள் துணை வேண்டும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். ஆனால் குதிரை அவர் போலியோவைக் குணப்படுத்தவில்லை. "குணமாகும்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனதுக்கு? குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம், அதனால் எப்போதும் உஷாராக இருக்கும். தோலில் ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும் பிராணிக்கு, உங்கள் தொடை இறுகுவது தெரியாமல் போகுமா? நீங்கள் பதறினால் அதுவும் பதறும். அதனால் மூச்சை மெதுவாக விட்டு உடலைத் தளர்த்தாமல் அதை நடத்த முடியாது. அந்த நேரத்தில் அலுவலகம் நினைவுக்கே வராது. ஆனால், எதிலும் மனம் ஒட்டாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், லாயத்துக்கு அப்புறம் போகலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களை நிறுத்தி வைக்கிறேன்: எலும்பு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. டிராட்டில் சேணத்தின் மேல் தொப் தொப்பென்று விழும் அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் இறங்கும். கீழே விழுந்தாலோ கேட்கவே வேண்டாம். இளம் வயதில் வெறும் சிராய்ப்போடு போகிற வீழ்ச்சி, எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கு இடுப்பு முறிவாகலாம். மாதவிடாய் சீக்கிரம் நின்றிருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, அம்மாவுக்கு இடுப்பு முறிந்திருந்தாலோ, சேணத்தில் ஏறும் முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல பயிற்சி இடங்களில் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது! மருத்துவர்களில் சிலரும் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "தாராளமாக ஏறலாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் தரகர். குதிரை வாங்காதீர்கள். இன்னும் ஏறவே தெரியாதவரிடம் குதிரையை விற்கத் துடிப்பவருக்கு உங்கள் முதுகின் மேல் அக்கறை கிடையாது, கமிஷன் மேல்தான். அதையும் பலர் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். "சாது" என்பதற்குப் பின்னால் மயக்க ஊசி இருக்கலாம். நொண்டலை மறைக்க வலி மருந்து கொடுத்திருக்கலாம். நீங்கள் வருவதற்குள் ஓடவிட்டுக் களைக்க வைத்திருக்கலாம், சேணம் போடும் இடத்தில் காய்ந்த வியர்வைத் தடம் இருக்கிறதா பாருங்கள். என்றாவது வாங்கியே தீரவேண்டும் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். முதலில் விற்பவரை ஏறி ஓட்டச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் நீங்கள் அழைத்து வந்தவராக இருக்கட்டும். அவரிடம் ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் பாதித் தரகர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். "குதிரை சிகிச்சை" என்று பலகை மாட்டுவோரிடமும் சிகிச்சை தருபவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை.

வாரம் இரண்டு வகுப்பு போதும். பயிற்றுநர் நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்துச் சுற்றவிட, நீங்கள் நடையில் மட்டும் பழகுங்கள். டிராட்டுக்கு அவசரமில்லை. அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) பாதம் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி சின்னக் குதிகால் வைத்த காலணி வேண்டும். ஹெல்மெட்டை அவர்களே இரவல் தருவதாகச் சொன்னால், அதை அணிந்து யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட்டிருக்க வேண்டும். பதிலில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.