காது கேட்காத மாணவியும் இசை அருங்காட்சியகமும்

வணக்கம் டீச்சர். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஏழாம் வகுப்பை பெங்களூரு ஜே.பி. நகர் இசை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். காது கேட்காத மாணவி ஒருத்தி ஏங்கிப் போவாளோ என்று தயங்குகிறீர்கள். அவளை விட்டுவிட்டு மட்டும் போகாதீங்க.

அங்கே ஒலித் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளே வாசித்துப் பார்க்கலாம். முதலில் அங்கே போங்க. ஒருத்தர் தட்டும்போது அவள் உள்ளங்கையை வாத்தியத்தின் மேல் வைக்கச் சொல்லுங்க, அதிர்வு மணிக்கட்டு வரை ஏறும். ஊதின பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தாழ்ந்த ஒலி இன்னும் நன்றாகத் தெரியும். என் தங்கை மகளுக்கும் காது கேட்காது. மாரியம்மன் நோம்பியில் துடும்பு மேளம் அடிக்கும்போது முன்வரிசையில் நின்று வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். அடி மாறினால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்!

கிளம்பும் முன் வகுப்பிலேயே பறைத்தோலில் நாலு அரிசி போட்டுத் தட்டிக் காட்டுங்க. அரிசி குதிப்பதை எல்லாரும் பார்க்கட்டும். உள்ளே ஹெட்போனில் கேட்கிற இடங்களில், கேட்டதை எழுதிக் காட்ட ஒரு தோழியைச் சேர்த்துவிடுங்க.

அப்புறம், அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திம்பம் மலைப்பாதை வழி வேண்டாம், 27 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகளுக்கு வாந்தி வரும். சேலம், கிருஷ்ணகிரி வழியே போங்க.