பார்சலில் வந்த பூக்கிழங்குகள் பூஞ்சணம் பிடித்தும் அழுகியும் இருக்கின்றன. நட்டுப் பார்ப்பதா, விற்றவரிடம் கேட்பதா?

கேள்வியில் நான்கு வகை சொல்லியிருக்கிறீர்கள்: லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம், கிளாடியோலஸ், டேலியா. சிலவற்றில் பூஞ்சணம், சில அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகின்றன, சிலவற்றில் முளை ஒடிந்திருக்கிறது. இதே சிக்கல் வரும் டியூலிப், டாஃபடில் போன்றவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போதைக்குக் கத்தியை எடுக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம், நடவும் வேண்டாம். வெட்டிச் சுத்தம் செய்த கிழங்கைக் காட்டி "வரும்போதே அழுகியிருந்தது" என்றால் எந்த விற்பனையாளரும் ஏற்கமாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே படம், தரம் பிரித்தல், கடிதம், அதற்குப் பிறகுதான் வைத்தியம் என்ற வரிசையில் போங்கள். முதல் மூன்றும் பார்சல் வந்த அன்றே முடிய வேண்டும். புகார் செய்யச் சில நாட்கள் மட்டுமே தரும் விற்பனையாளர்கள் நிறைய உண்டு.

பெட்டியில் கிழங்குகள் எப்படிக் கிடந்தனவோ அப்படியே ஒரு படம், முகவரிச் சீட்டும் தேதியும் தெரிய ஒன்று, வகைப்பெயரும் அளவும் அச்சிட்ட லேபிளோடு ஒன்று. பிறகு எல்லாவற்றையும் காகிதத்தில் பரப்பி, எண்ணிக்கை தெரியும்படி ஒரு படம். கெட்டதாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலும் அடிப்பக்கத்திலும் தனித்தனியாக எடுங்கள். அடிப்பக்கப் படம்தான் முக்கியம், பலரும் அதை எடுப்பதே இல்லை.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. லேபிளில் 26/28 என்றிருந்தால் அது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். குறுக்களவு என்று நினைத்து "பாதிதான் இருக்கிறது" என்று புகார் எழுதுபவர்கள் உண்டு. 26 செ.மீ. சுற்றளவுள்ள கிழங்கின் குறுக்களவு 8 செ.மீ.க்குச் சற்று மேல்தான் வரும். நூலைப் பருத்த இடத்தில் சுற்றி அளந்து பாருங்கள். நிஜமாகவே குறைந்தால் அதுவும் கேட்க வேண்டிய குறைதான்.

இனி எது செத்தது, எது பிழைக்கும் என்று பிரிப்பது. ஹிப்பியாஸ்ட்ரம், லில்லி, டியூலிப், டாஃபடில் இவையெல்லாம் வெங்காயத்தின் அமைப்புக் கொண்டவை. வெங்காயத்தில் வேர்க்குஞ்சம் தொங்கும் தட்டையான அடி இருக்கிறதே, அதுதான் உயிர் இருக்கும் இடம். வேரும் அங்கிருந்துதான் வரும், குருத்தும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மேல் மடல்கள் வெறும் சேமிப்பறை, நாலு போனாலும் கிழங்கு தாங்கும். ஆகவே பக்கவாட்டில் அமுக்கிப் பார்ப்பதை விட்டு, கட்டைவிரலால் அடியை அழுத்துங்கள். கட்டையாக, அதாவது அமுங்காமல் கெட்டியாக இருந்தால் பிழைக்கும். விரல் உள்ளே போனாலோ, பழுப்பு நீர் கசிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அது முடிந்த கதை. நாற்றத்தோடு கூழாகியிருந்தால் பாக்டீரியா அழுகல், எந்த மருந்தும் அதைத் திருப்பாது. கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாமல் இலேசாக, உள்ளே வெற்றாக இருப்பதும் போனதுதான். குளிரில் உறைந்து வந்த கிழங்கு கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும், ஓரிரு நாளில் குழைந்துவிடும்.

பூஞ்சணத்தைக் கண்டதும் பதற வேண்டாம். தோலில் நீலப் பச்சையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பெனிசிலியம் என்ற பூஞ்சை, காற்றோட்டமில்லாத பையில் வியர்த்ததால் வந்தது. அந்தப் படிவுக்குக் கீழே கிழங்கு கட்டையாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அடித்தட்டிலிருந்து மேலேறும் சாக்லேட் நிறப் பழுப்பும், அதன் மேல் வெளிர் ரோஜா நிறப் பூஞ்சணமும்தான் ஆபத்து. அது ஃபியூசேரியம் என்ற அழுகல் பூஞ்சை.

டியூலிப் பையில் ஒன்றுக்கு ஃபியூசேரியம் வந்தாலும் விஷயம் பெரிது. அழுகும் கிழங்கு எத்திலீன் வாயுவை வெளியிடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் நல்ல கிழங்குகளுக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தேகம் இருந்தால், மற்றப் படங்களை எடுத்து முடித்த பிறகு, நல்லதாகத் தெரியும் ஒன்றை மட்டும் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் மொட்டு வெளிறிய பச்சையாகவோ மஞ்சளாகவோ இல்லாமல் சுருங்கிப் பழுப்பாக இருந்தால் அதைப் படம் எடுத்து, முழுப் பைக்கும் மாற்றுக் கேட்பது நியாயமே. பழங்களோடு டியூலிப்பைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்கும் இதே வாயுதான் காரணம்.

குறை போலத் தெரிந்தும் குறையல்லாதவை பல. டியூலிப்பில் பழுப்புத் தோல் உரிந்திருப்பது ஒன்றுமில்லை. லில்லிக்கு மேல்தோலே கிடையாது, அதனால் செதில்கள் தளர்ந்திருக்கும், ஒன்றிரண்டு உதிரவும் செய்யும். கிளாடியோலஸின் அடியில் குழிந்த, காய்ந்த வட்டத் தழும்பு இருக்கும். சென்ற பருவத்துக் கிழங்கு ஒட்டியிருந்த இடம் அது, அழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். ரனன்குலஸ், அனிமோன் கிழங்குகள் காய்ந்த சுள்ளி போலத்தான் வரும், மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும். ஹிப்பியாஸ்ட்ரத்தில் அடிபட்ட இடம் இயல்பாகவே சிவக்கும். ஆனால் குழிந்த சிவப்புப் புள்ளிகள் பல மடல்களிலும் குருத்திலும் கோடாக ஓடினால் அது ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை நோய். அதைத் தனியாக வையுங்கள், கடிதத்திலும் குறிப்பிடுங்கள்.

நிஜக் குறைகளுக்கு வருவோம். கிளாடியோலஸின் உமியை உரித்தால் சொரசொரப்பாக, பிசுபிசுப்பான பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் இலைப்பேன் தின்றிருக்கிறது. கருத்து, கெட்டியாகி, உள்வாங்கிய புள்ளிகள் அழுகல் நோயின் அடையாளம். டேலியாவில் ஏமாற்றம் அதிகம், கவனமாகப் பாருங்கள். டேலியாவின் பருத்த வேரில் எங்கும் கண் கிடையாது. பழைய தண்டோடு ஒட்டிய கொண்டைப் பகுதியில் மட்டும்தான் முளைக்கும். கொண்டை இல்லாத வேர் எவ்வளவு கொழுத்திருந்தாலும் ஒருநாளும் முளைக்காது. வேரைக் கொண்டையோடு இணைக்கும் கழுத்து முறிந்து தோலில் தொங்கினாலும் அப்படியே. இதற்கு மாற்றுக் கேட்கத் தயங்கவே வேண்டாம். கொண்டை இருந்தும் கண் தெரியவில்லை என்றால் பொறுங்கள், வெதுவெதுப்பான ஈரக் கோகோபீட்டில் (தேங்காய் நார்க்கழிவு) இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சில கண் விழிக்கும்.

டாஃபடிலைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையங்கள் தெரிவது தண்டு நூற்புழு. 44.4 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூன்று மணி நேரம் வைப்பது பண்ணைகளின் முறை. வீட்டுப் பாத்திரத்தில் முயல வேண்டாம். சூடு கொஞ்சம் ஏறினால் கிழங்கு வெந்துவிடும், இறங்கினால் புழு பிழைத்துக்கொள்ளும்.

பிரித்து முடித்ததும் எழுதுங்கள். கோபமும் அனுமானமும் இல்லாமல், எண்ணிக்கையோடு. இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இன்ன எண் கொண்ட ஆர்டர் இன்று வந்தது. 10 ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகளில் 3-க்கு அடித்தட்டு அழுகி நீர் கசிகிறது (படம் 4 முதல் 9 வரை). 5 டேலியாவில் 2-க்குக் கொண்டைப் பகுதி இல்லை (படம் 10, 11). மற்றவை நன்றாக உள்ளன. இந்த 5-க்கும் இந்தப் பருவத்திலேயே நடும்படி மாற்றுக் கிழங்குகள் அனுப்புங்கள், இயலாவிட்டால் அவற்றுக்குரிய தொகையைத் திருப்பித் தாருங்கள். கிழங்குகளை உங்கள் பதில் வரும்வரை வைத்திருக்கிறேன்."

"மற்றவை நன்றாக உள்ளன" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது உண்மை, நீங்கள் நேர்மையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பதையும் அதுதான் காட்டும். பருவத்தைக் குறிப்பிடுவதும் அவசியம், நடவுக்காலம் கழிந்து வரும் மாற்றுக் கிழங்கால் பயனில்லை.

"நட்டுப் பாருங்கள், வந்துவிடும்" என்ற பதில் அடிக்கடி வரும். கட்டையாக இருந்து, கொஞ்சம் சுருங்கியவற்றுக்கு அது சரியான யோசனைதான். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் "8 வாரத்தில் முளைக்காவிட்டால் தொகை திருப்பப்படும்" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. அடி அழுகியதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மண்ணில் வைத்தால் சாட்சியமும் கரையும், தொட்டியும் கெடும். அழுகியதை அவர் கேட்காமல் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் தாவர நோய்த்தடுப்பு விதிகள் குறுக்கே வரும்.

பதில் வந்தபின் வைத்தியம். கையுறை போடுங்கள். ஹயசிந்த் தூள் பட்டால் அரிக்கும், டியூலிப், டாஃபடில் சாறும் தோலைப் புண்ணாக்கும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியின் எந்தப் பகுதியும் அதற்கு எட்டக் கூடாது, சிறுநீரகமே செயலிழக்கும்.

ஹிப்பியாஸ்ட்ரத்தின் கெட்ட மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, வெள்ளைச் சதை வரும்வரை போங்கள். அடித்தட்டின் ஓரம் மட்டும் கெட்டிருந்தால் மெல்லிய சீவல்களாகச் சீவுங்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் இடையே கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நோயை நீங்களே பரப்புவீர்கள். பழுப்பு அடித்தட்டின் பாதியைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். வெட்டிய இடத்தில் கந்தகத் தூளோ கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியோ லேபிளில் உள்ளபடி தடவி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். இலவங்கப்பட்டைத் தூள் பலர் பூசுகிறார்கள், உள்ளே இறங்கிய அழுகலை அது நிறுத்தாது.

நடும் தொட்டி கிழங்கைச் சுற்றி 2, 3 செ.மீ. மட்டும் இடம் இருக்கும் அளவு போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி, அழுகல் திரும்பும். மண்கலவையில் பாதி பெர்லைட் (நீர் வடிய உதவும் வெள்ளைக் கனிமத் துகள்) அல்லது பருமணல். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும். ஒரே ஒருமுறை ஓரமாகத் தண்ணீர் விட்டுக் குருத்து தெரியும்வரை நிறுத்துங்கள். இந்த வைத்தியம் தோற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரமாக ஊற்றும் தண்ணீர்தான்.

லில்லியில் நல்ல செய்தி உண்டு. அடி கெட்டாலும் கட்டையான செதில்கள் இருந்தால் அவற்றைப் பிய்த்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமுள்ள வெர்மிகுலைட்டோடு (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) பாலித்தீன் பையில் போட்டு, 20 டிகிரி வாக்கில் வையுங்கள். 6 முதல் 8 வாரத்தில் செதிலின் அடியில் குட்டிக் கிழங்குகள் உருவாகும். அவை பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். சுருங்கிய லில்லியைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள், ஈரக் கோகோபீட்டில் சில நாள் புதைத்தாலே தேறும்.

முளை ஒடிந்ததற்கு வகைக்கு ஒரு விதி. கிளாடியோலஸ் அடுத்த கண்ணிலிருந்து முளைக்கும். ஹிப்பியாஸ்ட்ரத்தில் ஒடிந்தது பூந்தண்டு என்றால் அந்தப் பூ போயிற்று, ஆனால் பெரிய கிழங்கில் இரண்டாவது தண்டு வரலாம், இலைகள் எப்படியும் வரும். லில்லிக்குப் பெரும்பாலும் ஒரே முளை, இந்தப் பருவம் பூவில்லை. கடிதத்தில் இதைப் பூ இழப்பு என்று மட்டும் எழுதுங்கள், கிழங்கு செத்தது என்று எழுத வேண்டாம்.

போனவற்றை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தேறியவற்றை ஒரு வளர்பருவம் முழுவதும் மற்றத் தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.